ஆரம்பாக்கம் வரை திறமைசாலி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, சூலூர்பேட்டை லோக்கலில் ஏறி, செல்போனில் ரம்மி ஆடியவர் ஆரம்பாக்கம் வரை திறமைசாலியாக இருந்தார். ரம்மி திறமை விளையாட்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே! அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. அங்கே 2020-லேயே தடை. கையில் அதே 13 சீட்டு. ஆள் மட்டும் குற்றவாளி. இத்தனை பெரிய மாற்றத்தை ஒரே டிக்கெட்டில் வேறு எந்த ரயில்வே தரும்?

நம் அரசும் சளைத்ததல்ல. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதி போட்டது. திறமைக்கும் தூக்கம் வேண்டாமா? நைட் ஷிப்ட்காரர்கள் விடிந்ததும் தோற்றுக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடெங்கும் தடைசெய்து, தடாவையும் ஆரம்பாக்கத்தையும் சமமாக்கியது. கை அரிப்பவர்கள் சென்ட்ரலில் பாலக்காட்டு ரயிலைப் பிடிக்கவும். தமிழ்நாடு 2003-இல் ஒழித்த லாட்டரியை அங்கே அரசே நடத்துகிறது.