காடு என்று சொன்ன கார்

கொக்குவிலில், என் மனைவியின் வீட்டில், எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று பத்து வருஷமாக ஒரு நம்பிக்கை. கிளப்பியது நானில்லை. ஆனால் மறுத்ததும் இல்லை. மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் பெருமைகள் குறைவு; வந்ததை எதற்கு உதற வேண்டும்?

எல்லாம் என் உத்தியோகத்தால் வந்தது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். சேலையூரில் வீடு, விடியற்காலை ஐந்தரைக்கு இரும்புலியூரில் கம்பெனி பஸ். தாம்பரத்துக்குத் தெற்கே கார் தொழில் புதிதல்ல. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் பிறந்த ஹெரால்டு கார் அங்கே வந்து, நம் குடும்பங்களின் அளவைப் பார்த்துவிட்டு, நான்கு கதவு வைத்துக்கொண்டது. பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் நிஸான். அங்கே செய்த மைக்ராவை ஐரோப்பாவுக்கே கப்பலேற்றினார்கள்.

எங்கள் கம்பெனிக்கு வருஷம் ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார். முதல் தடவை வந்தபோது என் ஸ்டோர்ஸில் குவிந்து கிடந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டி, “முடா! முடா!” என்றார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன சார், வந்ததும் வராததுமா மூடாங்கறாரு?” முடா என்றால் அவர்கள் மொழியில் வீண், விரயம். இதை டிரைவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பயிற்சியாளர் அடுத்த மூடனிடம் போயிருந்தார்.

முடா, கைசன், கான்பன், போகா யோகே, 5 எஸ் பலகையில் எழுதியிருக்கும் செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்ஸு, ஷிட்சுகே. வணக்கம், நன்றியையும் சேர்த்தால் என் ஜப்பானியம் மொத்தம் பதினொரு சொல். இதை வைத்துக்கொண்டு ஒரு கிடங்கைச் சுத்தமாக வைத்திருக்கலாம். ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது.

2023 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மைத்துனன் போன் செய்தான்.

“அத்தான், எங்கட கார் திரும்பவும் யப்பான் பாஷை கதைக்கத் தொடங்கிட்டுது. நீங்கள்தான் வந்து ஒருக்கா என்னெண்டு கேக்கவேணும்.”

பேய் பிடித்த பெண்ணைப் பார்க்க வரச் சொல்வதுபோல இருந்தது.

இந்த இடத்தில் நம்மூர் வாசகருக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஜப்பான்காரர் ஓட்டிக் கழித்த காரை நாம் தாம்பரத்தில் பார்க்க வழியில்லை. பழைய கார் இறக்குமதிக்கு நம் அரசு வைத்திருந்த நிபந்தனைகள் அப்படி: கார் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும், வரியோ காரின் விலையையே தாண்டும். இலங்கையில் கதை வேறு. அங்கே தெருவில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் இரண்டு மூன்று வருஷம் ஓடி, ஏலத்தில் விலைபோய், கப்பலில் வந்தவை. ‘றீகண்டிஷன்’ என்பார்கள். டொயோட்டாவை ‘ரொயோட்டா’ என்று எழுதுவார்கள். என் மனைவியிடம் அது தப்பு என்று ஒருமுறை சொல்லி, ஒரு வேளை சாப்பாட்டைத் தொலைத்திருக்கிறேன்.

ஜப்பான் ஏலத்தாளை மைத்துனன் பூசையறையில் வைத்திருக்கிறான். அசல் ஜாதகம்தான் அது. காரின் படத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, எந்தக் கதவில் கீறல், எந்த மூலையில் நசுங்கல் என்று குறித்திருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்த இடம். மொத்தத்துக்கு நாலு, நாலரை என்று ஒரு மதிப்பெண். நாலரை வாங்கிய கார் என்றால் அங்கே வரதட்சணை வாங்காத மாப்பிள்ளைக்குச் சமம்.

2018-ல் அந்தக் கார் வந்தபோதே ஒரு கராஜ் பையன் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தானாம். இப்போது அவிழ்ந்ததற்கு 2022-தான் காரணம். அந்த வருஷம் இலங்கையில் பெற்றோல் இல்லை. கியூஆர் அட்டை வந்த பிறகும் காருக்கு வாரம் இருபது லிட்டர்தான். மாதக்கணக்கில் வண்டி கொட்டகையிலேயே நின்றது. ஹைபிரிட் காரில் பெரிய பேட்டரி ஒன்று இருந்தாலும், அதை எழுப்பிவிட 12 வோல்ட் சின்ன பேட்டரி வேண்டும். சின்னது உயிரை விட்டது. புதிது மாட்டினார்கள். அவ்வளவுதான், கார் எல்லாவற்றையும் மறந்து தாய்மொழிக்குத் திரும்பிவிட்டது. வயதானவர்களுக்கும் அப்படி நேர்வதுண்டு என்பார்கள்.

சென்னை விமானம் மறுபடி பலாலிக்குப் பறக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சேலையூரிலிருந்து பாரிமுனைக்குப் போகும் நேரத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டேன். மைத்துனன் அதே காரில் வந்திருந்தான். பின்கண்ணாடியில் வட்டமாக ஒரு ஜப்பான் ஸ்டிக்கர். காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் காட்டினால்தான் அங்கே கார் பதிவாகும். அதற்கு அத்தாட்சியாக 2025 வரை ஒட்டிவந்தது இந்த ஸ்டிக்கர். 1962-லிருந்து அந்தச் சட்டம். கிழக்குத் தாம்பரத்தில் வந்தால் எங்கள் தெருவில் இரண்டு காரும் ஒரு மாட்டுவண்டியும்தான் மிஞ்சும். ஸ்டிக்கரை ஏன் எடுக்கவில்லை என்றேன். “எடுத்தால் யப்பான் கார் எண்டு ஆர் நம்புவினம்?” என்றான். பர்மா பஜாரில் வாங்கிய டூ-இன்-ஒன்னின் ஸ்டிக்கரை என் அப்பா கடைசிவரை உரிக்க விடாதது நினைவுக்கு வந்தது.

பக்கத்து சீட்டில் காலடியில் ஒரு காலி வளையம் இருந்தது. ஜப்பானில் கார் நடுரோட்டில் நின்றுபோனால் கொளுத்திக் காட்ட, சிவப்பாக ஒரு தீக்குழல் அதில் இருக்க வேண்டுமாம். வந்த அன்றே கழற்றிவிட்டார்கள். அந்த ஊர் பார்த்ததையெல்லாம் பார்த்த பிறகு, சிவப்புக் குழாய் ஒன்றைக் காருக்குள் வைத்துக்கொண்டு ஓட்ட யாருக்கும் மனம் வராது.

மறுநாள் காலை மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மாமாவுக்கு எண்பத்து நாலு. ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மைத்துனன் பொத்தானை அமுக்கினான். எஞ்சின் சத்தமே இல்லை. பதிலாக ஒரு பெண் குரல், தேன் தடவியது மாதிரி:

“ஈ-டீ-சீ காடோ கா சோன்யூ சரேதே இமாசென்.”

வாசலில் நின்ற மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

“கேட்டியளோ தம்பி? விடியக்காலமை வெளிக்கிடேக்கை, வயசுபோன மனுசனை ஏத்தி வைச்சுக்கொண்டு, காடு எண்டு சொல்லுது. பிறகு எமன் எண்டும் ஏதோ சொல்லுது.”

வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை இந்தக் கார் தினமும் காலையில், அதுவும் மாமாவை ஏற்றிய பிறகு, சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதமாக மாமி அதில் ஏறவில்லை. நல்லூருக்கு ஆட்டோவில் போய் வருகிறார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தடவை போடு” என்றேன். போட்டான். முடா வரவில்லை. கைசனும் வரவில்லை.

“பழைய ஜப்பானியம்,” என்றேன். “வட்டார வழக்கு.”

மாமா பின்சீட்டிலிருந்து, வாத்தியாராக இருந்த காலத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒரே ஒரு வெற்றி, டயரில் கிடைத்தது. கதவோரம் ஒட்டியிருந்த தாளில் 220 என்று போட்டிருந்தது. கரண்டிலும் ஓடுகிற கார்தானே, 220 வோல்ட் என்று மைத்துனன் முடிவு கட்டியிருந்தான். அது கிலோபாஸ்கல் கணக்கில் காற்றழுத்தம். ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட நாம் சொல்லும் முப்பத்திரண்டு வந்துவிடும் என்றேன். ஸ்டோர்ஸ்காரனுக்கு அளவு மாற்றத் தெரியாவிட்டால் எப்படி? கொஞ்சம் மரியாதை திரும்பியது.

ரேடியோவில் மறுபடி கீழே போனது. திருகித் திருகிப் பார்த்தோம், வெறும் இரைச்சல். ஜப்பானில் எஃப்எம் நெடுங்காலம் 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிட்டது. இந்த செட் அந்த எல்லையைத் தாண்டாது. நமக்கும் இலங்கைக்கும் கச்சேரி களைகட்டுவதே அதற்கு மேலேதான். இந்தக் கார் தாம்பரத்துக்கு வந்தாலும் மிர்ச்சி, ஹலோ, ரெயின்போ ஒன்றும் கேட்காது. அண்ணா பல்கலைக்கழக வானொலி 90.4-ல் இருந்துகொண்டு மயிரிழையில் நழுவும். இலங்கை வானொலியைக் கடல் தாண்டிக் கேட்டு வளர்ந்தவன் நான். இலங்கையிலேயே உட்கார்ந்துகொண்டு இலங்கை வானொலி கேட்கவில்லை.

கராஜுக்குப் போனோம். பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு ஜப்பான் எழுத்தும் தெரியாது. ஆனால் திரையில் விரல் ஓடிய வேகத்தைப் பார்த்தால் டோக்கியோவில் காது குத்தியவன் மாதிரி இருந்தது.

“இஞ்ச பாருங்கோ அண்ணை, கூரை போட்ட மாதிரி ஒரு எழுத்து இருக்குதெல்லோ, அதை அமத்துங்கோ. பிறகு கீழை ஏணி மாதிரி ஒண்டு வரும். அதை அமத்தக் கூடாது. அமத்தினால் முழுக்கப் பூட்டிப்போடும்.”

எழுத்தைப் படமாகப் படித்துவிட்டான். அவை படமாகத்தான் பிறந்தன என்று அவனுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் வரைபடத் தகடு கேட்டு ஒரு திரை வந்து நின்றதும் அவனும் கையை விரித்துவிட்டான்.

கராஜுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல், அந்தக் குரலைப் பதிவுசெய்து சேலையூருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். எங்கள் எதிர்வீட்டுப் பெண் மகேந்திரா சிட்டியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். செய்திருந்தால் பத்து வருஷப் பெருமை என்ன ஆவது?

ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “அங்கிள், அது டோல் கார்டு! கார்டு சொருகலைன்னு சொல்லுது. நம்ம ஃபாஸ்டேக் மாதிரி. அங்க வண்டிக்குள்ள ஒரு மெஷின் இருக்கும், கார்டு போட்டாத்தான் கேட் திறக்கும்.”

காடோ என்பது கார்டு. ஆங்கிலச் சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் ஜப்பான்காரருக்கும் ஆகாதாம், நமக்கு ஆகாதது மாதிரியே. நாம் பிரேக்கு, பஸ்ஸு, கார்டு என்று ஒரு உகரம் சேர்க்கிறோம். அவர்கள் புரேகி, பசு, காடோ என்கிறார்கள். காரை இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டும் என்று மைத்துனன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அதுவோ அவ்வளவு நாளும் இங்கிலீஷ்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, நம்மைப் போல.

“சரிம்மா, அந்தக் கூரை எழுத்து?”

“அது ரெண்டு எழுத்து சேர்ந்தது அங்கிள். செட்டிங்ஸ். ‘செத்தேய்’னு படிக்கணும்.”

இதை மாமியிடம் கொண்டு சேர்ப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

கார்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். மாமி யோசித்தார். “யாழ்ப்பாணத்திலை எங்கை தம்பி ரோட்டுக்குக் காசு கேக்கினம்?” நியாயம்தான். சுங்கம் வாங்கும் நெடுஞ்சாலை அங்கே தெற்கில்தான் உண்டு. முதலாவது திறந்ததே 2011-ல். ஜப்பான்காரி வராத சுங்கச்சாவடிக்கு தினமும் எச்சரித்திருக்கிறாள். என்னிடம் அப்படி ஒருத்தி இருந்திருந்தால், ஃபாஸ்டேக்கில் பணம் போட மறந்து செங்கல்பட்டு போகும் வழியில் இரண்டு மடங்கு கட்டியிருக்க மாட்டேன்.

பையன் கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு ஒரு வயரைப் பிடுங்கினான். குரல் நின்றது. ஜப்பான் செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு செட் ஒன்றை மாட்டினான். ரேடியோ வந்தது. வழிகாட்டி வந்தது. இங்கிலீஷும் வந்தது. “வித்தால் இப்ப நல்ல விலை போகும்,” என்றான் மைத்துனன். இறக்குமதித் தடை 2020-லிருந்து இருந்ததால் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே போகும். விற்க மாட்டான், விலையை மட்டும் தினமும் சொல்வான்.

பொங்கலன்று மாலை மாமி மூன்று மாதத்துக்குப் பிறகு காரில் ஏறினார். நல்லூருக்கு. கொக்குவிலில் பிறந்தவனுக்கு நல்லூருக்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் புது செட்டைக் காட்ட வேண்டுமே, மைத்துனன் வழி போட்டான். இங்கிலீஷ்காரி வாயைத் திறந்தாள். ஊர்ப் பெயர்களையெல்லாம் அவள் கடித்துத் துப்ப, மாமா ஒவ்வொன்றுக்கும் உச்சரிப்புத் திருத்தினார். அவள் திருந்துவதாக இல்லை. காங்கேசன்துறை வீதியில் நெரிசல் என்று நினைத்தாளோ என்னவோ, இடப்பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் திருப்பினாள். அங்கிருந்து இன்னொரு குச்சொழுங்கை. வேலிகள் முடிந்தன. பனைகள் வந்தன. பிறகு ஒரு மதில், அதற்குள் ஒரு கொட்டகை, லேசாகப் புகை.

சுடலை.

காருக்குள் யாரும் பேசவில்லை. இங்கிலீஷ்காரி மட்டும் இருநூறு மீட்டரில் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமி அந்தத் திரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“பாவம், மற்றவள் வாயாலைதான் சொன்னவள்,” என்றார். “இவள் கொண்டுவந்தே விட்டிட்டாள்.”