எந்த மாதம்?

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சின்னதாய் ஒரு மோட்டார் படகு வாங்கிக் கட்டிப்போட ஆசை. மாதம் என்ன செலவு வரும்?
– வாசகர், ஹட்டன்

எந்த மாதம்? மழைக்காலத்தில் பெற்றோலும் தார்ப்பாயும்தான். வறட்சியில் தண்ணீர் மின்சாரத்துக்குப் போய், மட்டம் இறங்கிவிடும். சேற்றில் உட்கார்ந்த படகை இழுக்க நாலு பேருக்குக் கூலி. பக்கத்து மவுஸ்ஸாக்கலையில், மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலே அப்போது வெளியே வந்துவிடுகிறது! வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கச் சொல்வார்கள் படகுக்காரர்கள். நன்னீர் என்பதால் அடியில் சிப்பி ஒட்டாது, அது கடற்கரைக்காரருக்கு இல்லாத லாபம்.

ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்: ஏறும் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி. மலைத் தண்ணீரின் குளிரில் நீச்சல் தெரிந்தவர் கையும் விறைத்துப்போகும்.