பெயிண்டிங் பிடித்தம்

ராஜ வீதிக்கு ஒன்றும் திருக்கோகர்ணத்துக்கு இரண்டுமாக வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம் புதுக்கோட்டை வீட்டுக்காரர், அட்வான்ஸ் பெறும் நாளில் சாந்த சொரூபியாகவும் வாடகை பெறும் நாட்களில் சாமானிய லௌகிகராகவும் விளங்கி, நாம் வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் விசுவரூப தரிசனம் தந்தருளுவார்.

சாமான்கள் லாரியில் ஏறும் சமயம் பார்த்து, உச்சி வெயிலிலும் டார்ச் விளக்கோடு பிரசன்னமாகும் அவர், கூடத்துச் சுவரில் கன்னத்தைப் பதித்து ஓரப் பார்வை பார்த்து, விரலால் தடவி, ஒட்டிய டிஸ்டம்பர் பொடியை மௌனமாக நம்மிடம் காட்டி, காலண்டர் மாட்டிய ஆணித் துவாரத்துள் சுண்டுவிரல் நுனியைச் செலுத்தி, "நீங்க வந்தப்ப இது இல்லையே, தம்பி" என்னும்போது அக்குரலில் தொனிக்கும் சோகம் போலியன்று. "சுண்ணாம்பு அடிச்ச காலம் போச்சு தம்பி. பட்டி பாக்கணும், பிரைமர் அடிக்கணும், எமல்ஷன் ரெண்டு கோட்டு. பெயிண்டர் கூலியே தனி." ஆகவே ஒரு மாத வாடகை பிடித்தம்; ஆறு மாதம் இருந்தவருக்கும் ஆறு வருஷம் இருந்தவருக்கும் அதே தண்டனை. பிறகு பட்டியுமில்லை, பிரைமருமில்லை. தாராளமாகத் தண்ணீர் கலந்த டிஸ்டம்பர் ஒரு கை. அடைபடாத அதே ஆணித் துவாரம் அடுத்த குடித்தனக்காரரிடமும் ஒரு மாத வாடகை ஈட்டித் தரும்.

நகருக்கு வடமேற்கே இருக்கும் சித்தன்னவாசல் குகைக் கோயில் அன்று இவர் சொத்தாக இருந்திருந்தால், விதானத்துத் தாமரைத் தடாகத்தைக் கிறுக்கல் என்று கணக்கெழுதி, சமண முனிவரிடம் மயிற்பீலியையாவது பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. யாரிடமும் பிடித்தம் செய்ததாக அதில் குறிப்பில்லை.

அவர் குடியிருக்கும் வீடோ, மகள் கல்யாணத்துக்கு அடித்த வர்ணம் செதிள் செதிளாக உதிர, மூன்றாவது வீட்டின் வங்கிக் கடன் தீரும் நாளை எதிர்நோக்கி நிற்கிறது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவர் தரும் மோரைக் குடிக்கையில் கோபம் பாதி தணிந்துவிடுவது உண்மைதான்.

மீதிப் பாதி தணிவதாக இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு என்கிறது; குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவையே நம்முடையவை. வருமான வரிச் சட்டமோ, வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை, ரசீது எதுவும் கேளாமல், வர்ணம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவருக்குக் கழித்துத் தருகிறது. சர்க்காரிடம் ஒரு முறையும் நம்மிடம் ஒரு முறையும் வாங்கிக்கொண்டு சுவரை மட்டும் அப்படியே விட்டுவைப்பதை நாம் அநியாயம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகையால் வாடகைக்கு வீடு பார்க்கும் அன்பர்களே, ஒப்பந்தத்தில் பெயிண்டிங் வரியைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பால் காய்ச்சும் நாளன்றே சுவரிலுள்ள ஆணித் துவாரங்களையெல்லாம் படம் எடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.