செத்த காலேஜில் உயிரோடு ஒரு புலி

அந்தக் காலத்தில் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க ரயிலேறி வந்த வெளியூர்க்காரர்களின் டூர் புரோகிராமில் இரண்டு காலேஜ்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று செத்த காலேஜ், இன்னொன்று உயிர் காலேஜ். இரண்டிலும் அட்மிஷன் கிடையாது, டொனேஷன் கிடையாது. முதலாவது எழும்பூர் மியூசியம். இரண்டாவது, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை. இதில் உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வயிற்றில்தான்!

காலேஜ் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 1851-ல் மியூசியம் குடியேறிய முதல் வீடு, நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் இளம் துரைமார்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. துரைமார்கள் எவ்வளவு தமிழ் கற்றார்களோ, நம் ஜனங்கள் 'காலேஜ்' என்ற ஒரு வார்த்தையைக் கெட்டியாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பொறுப்பாளர், எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆரம்பக் கையிருப்பு, மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கற்கள். ஆமாம், கல். கனிமம், பாறை, தாது என்று பெயர் வேறு வேறு. பார்க்க வந்தவனுக்கு எல்லாம் கல்தான். "ஊர்ல இல்லாத கல்லா?" என்று கேட்டுவிட்டு அவன் பீச்சுக்குப் போய்விடுவான்.

பால்ஃபர் அசரவில்லை. மாகாணம் முழுக்க ஆட்களுக்கு எழுதி, பொருள் அனுப்பச் சொல்லிக் கேட்டார். இந்த மாதிரிக் கோரிக்கையை நம் ஆட்களிடம் வைக்கலாமா? பரண் சுத்தம் பண்ணக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல சேதி ஏது? வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் காலேஜ் மாடிக்கே பாரம் தாங்கவில்லை. மியூசியத்தின் முதல் எதிர்காலத் திட்டம், தரை இடிவதற்குள் இடத்தைக் காலி பண்ணுவது.

அப்படி 1854 வாக்கில் போய்ச் சேர்ந்த இடம்தான் எழும்பூர் பாந்தியன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது வெள்ளைக்கார மேட்டுக்குடியின் கிளப்: நடனம், நாடகம், விருந்து, விடியவிடிய ஒயின். துரைசானிகள் சுற்றிச் சுழன்று ஆடிய இடத்தில் பாறையும் எலும்பும் வந்து உட்கார்ந்தன. ரோட்டுக்கு மட்டும் இன்றைக்கும் பாந்தியன் ரோடு என்றே பெயர், பழைய பார்ட்டி ஞாபகத்தில்.

அதன் பிறகுதான் ஹீரோ என்ட்ரி. ஒரு புலிக்குட்டி. கூடவே ஒரு சிறுத்தை.

இரண்டும் மியூசியத்தில் உயிரோடு உறுமுகின்றன என்று சேதி பரவியதும் கூட்டம் குவிந்தது. கல்லுக்கு வராத ஜனம், பல்லுக்கு வந்தது! இன்றைய கன்சல்டன்ட்டுகள் 'ஃபுட்ஃபால்' என்ற ஒரே வார்த்தைக்கு நாற்பது ஸ்லைடு போடுகிறார்களே, அதைப் பால்ஃபர் ஒரு குட்டியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். உடனே கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிக்கொண்டார். ராஜ்யத்தைக் கம்பெனி 1801-லேயே வாங்கிக்கொண்டாயிற்று. மிச்சமிருந்த மிருகங்களும் கிளம்பின. தீனிச் செலவு மிச்சம் என்று நவாப் உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்பது என் சந்தேகம். அடுத்த வருஷமே மியூசியத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பிராணிகள். கல் விஞ்ஞானத்துக்காகத் தொடங்கிய நிறுவனத்தில் பெரிய செலவு, மாமிசம்!

நானும் ஒரு தடவை ஓர் ஊரில் உள்ளூர் மியூசியத்தின் 'எதிர்காலப் பாதை' பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணி நேரம். அதில் ஒன்றரை மணி, லோகோவில் கோபுரம் வேண்டுமா பானை வேண்டுமா என்பதற்கே போயிற்று. கடைசியில் டீ கொண்டுவந்த வாட்ச்மேனிடம் யாரோ பெரிய மனசு பண்ணி அபிப்பிராயம் கேட்டார்கள். "வர்றவங்க எல்லாம் ஒண்ணுதான் சார் கேக்குறாங்க, பாம்பு இருக்கான்னு." மினிட்ஸில் அது ஏறவில்லை.

பால்ஃபருக்கு ஆசையும் பெரிசு. மெட்ராஸுக்கு ஒன்று போதுமா? கோயம்புத்தூர், கடலூர், ஊட்டி, மங்களூர், பெல்லாரி, ராஜமுந்திரி என்று ஆறு ஊர்களில் உள்ளூர் மியூசியம் முளைத்தது. 1861 வாக்கில் பூட்டு விழுந்தது. நூறு வருஷத்துக்கு அப்புறம் மாவட்டந்தோறும் மியூசியம் என்று நம் அரசாங்கம் கிளம்பியபோது, அது புத்தம்புது யோசனையாக இருந்தது!

பால்ஃபர் 1859-லேயே மியூசியத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். 1863-ல் மிருகங்களை, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். உயிர் தனிக்குடித்தனம் போயிற்று; செத்தது அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்தத் தனிக்குடித்தனம்தான் 1985-ல் வண்டலூருக்கு வீடு மாறியது.

மியூசியத்தில் மிச்சமிருந்த சாமான்களின் கதையைக் கேட்டால் புலியே தேவலை என்பீர்கள். 1845-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் அமராவதியில் தோண்டி அனுப்பிய சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், உலகமே வாயைப் பிளக்கும் பௌத்த சிற்பங்கள், காலேஜ் வாசலில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கிடந்தன. 1859-ல் அவற்றில் ஒரு பெரும்பகுதியைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பத்திரமாகப் பாதுகாக்கத்தானே? அங்கே அவை கிடந்த இடம் ஒரு வண்டிக் கொட்டகை. 1867 வாக்கில் கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் வேறு வேலையாகப் போனபோதுதான் கண்ணில் பட்டனவாம்.

மெட்ராஸில் தங்கிய சிற்பங்களுக்கு வேறு விதி. 1880-களில் கண்காணிப்பாளர் பிடீ, மகா அக்கறைசாலி, அவற்றைச் சுவரில் வைத்து சிமென்ட் பூசி இறுக்கிவிட்டார். பாத்ரூம் டைல்ஸ் மாதிரி! தொல்லியல் துறை பர்ஜஸ் தலையில் அடித்துக்கொண்டார். விழுந்து உடையக் கூடாதே என்றுதான் பிடீ செய்தார், பாவம். கையெழுத்துப் பிரதி கசங்காமலிருக்க அதைச் சுவரில் ஃபெவிகால் போட்டு ஒட்டுகிற பாசம்.

1885-ல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன் இவர்களுக்கெல்லாம் மேலே. இவருடைய திட்டத்தில் மிருகமும் இல்லை, கல்லும் இல்லை. பார்க்க வந்தவர்களே சரக்கு! கையில் கவராயத்தோடு மனுஷர்களின் மண்டை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம் எல்லாம் அளந்துகொண்டிருந்தார். மியூசியத்துக்கு வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. திமிங்கில எலும்பைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, தன் மூக்கை அளக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அளந்ததும் கேட்டதும் ஏழு தொகுதிகளாக 1909-ல் வெளிவந்தன. மூக்கை வைத்து ஜாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தக் காலத்து மேதைகள் நிஜமாகவே நம்பினார்கள். ஜாதி பார்க்க நமக்கு இத்தனை உபகரணம் தேவைப்பட்டதே இல்லை.

போன காணும் பொங்கலுக்கு நானும் அங்கே போயிருந்தேன். வெண்கலக் கூடத்தில் அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நாலு பேர். விலங்குக் கூடத்தில் நகர இடமில்லை. கண்ணாடிக்குள் பஞ்சடைத்த மிருகங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, முந்தானையில் முறுக்குப் பொட்டலம், இடுப்பில் பேரன். பையன் கண்ணாடியைத் தட்டுகிறான், தட்டுகிறான், உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"ஏன் ஆயா, இது கத்தாதா?"

"செத்த காலேஜ்ல எங்கடா கத்தும்? முறுக்கத் தின்னு. வண்டலூருக்கு பஸ் எப்போன்னு அந்த சாரைக் கேளு."

அந்த சார் நான்தான். சொன்னேன்.