டாக்கோ நாள் உற்சவர்

டாக்கோ நாள் உற்சவர் என்பவர் அமெரிக்க அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் வாரத்தில் தென்படுகிறவர். மற்ற நாட்களில் கணக்குப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ சாதாரண மனிதராகவே நடமாடுவார். ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. பெரும்பாலும் வயது முப்பதைத் தாண்டியிருக்கும். டாக்கோவின் தாயகமான மெக்சிகோவுக்கும் அவருக்கும் உள்ள உறவு, கான்குன் கடற்கரை விடுதியில் எப்போதோ கழித்த ஒரு வாரத்தோடு சரி. அந்த ஒரு வாரமும் அவர் பர்கர்தான் சாப்பிட்டார் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த செய்தி.

திருவிழா என்றால் நாள் குறித்துத் தர ஆள் வேண்டும். இவருக்கு அந்தப் பணியைச் செய்வது வட டக்கோட்டா மாநிலத்திலுள்ள நேஷனல் டே காலண்டர் என்ற தனியார் நிறுவனம். தேசிய டாக்கோ நாள் வெகுகாலம் அக்டோபர் 4ஆம் தேதியாக இருந்தது. அது சனியிலும் வரும், திங்களிலும் வரும். அமெரிக்கர்களுக்கோ டாக்கோ என்றால் செவ்வாய்க்கிழமை. டாக்கோ பெல் நிறுவனம் விண்ணப்பம் போட்டது; 2024 முதல் அக்டோபரின் முதல் செவ்வாய் டாக்கோ நாளாகிவிட்டது. கரும்பு வியாபாரிகள் மனுக் கொடுத்துப் பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது போன்ற காரியம் இது. உற்சவர் இதில் குறை எதுவும் காணவில்லை. கைப்பேசியில் நினைவூட்டலைத் திருத்தியதோடு விஷயம் முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. உற்சவர் அதை ஆண்டுதோறும் லிஃப்டில் சொல்வார். ‘டாக்கோ ட்யூஸ்டே’ என்ற சொற்றொடர் 1989 முதல் வயோமிங் மாநிலத்து டாக்கோ ஜான்ஸ் நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகக்குறியாக இருந்தது. நியூ ஜெர்சியில் மட்டும் அது ஓர் உணவகத்தின் கையில் இருந்தது. 2019இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் தரப்பு அதைத் தம் பெயருக்குக் கேட்டபோது, ஊரெல்லாம் புழங்கும் சொல் என்று சொல்லி அரசு அலுவலகம் மறுத்துவிட்டது. 2023 மே மாதம் டாக்கோ பெல் அந்தப் பதிவுகளை ரத்து செய்யக் கோரியது. ஜூலையில் டாக்கோ ஜான்ஸ் விட்டுக்கொடுத்தது, அக்டோபரில் நியூ ஜெர்சிக்காரர்களும் விட்டுக்கொடுத்தார்கள். இத்தனையையும் ஆறாம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்க அவருக்குப் பழக்கம் உண்டு. கேட்கிறவர் மூன்றாம் மாடியிலேயே இறங்கி மிச்சத்தைப் படியேறிக் கடந்தால், அவருக்கு அவசர வேலை இருந்திருக்கும் என்று உற்சவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார்.

விழா நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். துரித உணவு நிறுவனங்கள் ஒவ்வொன்றின் செயலியும் அவர் கைப்பேசியில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சலும் பிறந்த தேதியும் கொடுத்திருக்கிறார். ‘இலவச டாக்கோ’ என்று விளம்பரத்தில் இருப்பது, கீழே பொடி எழுத்தில், ஏதாவது வாங்கினால் ஒன்று இலவசம் என்று விரியும். அந்தப் பொடி எழுத்தை வரி விடாமல் படிப்பவர் நாட்டிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஓசி டாக்கோ ஒன்றுக்காக ஊரின் வடகோடிக்கும் இன்னொன்றுக்காகத் தென்கோடிக்கும் காரோட்டி, பெட்ரோல் கணக்கைச் சேர்க்காமல், ஆறு டாலர் மிச்சம் என்று அறிவிப்பார். 2022இல் டாக்கோ பெல் 10 டாலருக்கு ஒரு சந்தா விற்றது: 30 நாள், நாளுக்கு ஒரு டாக்கோ. இடையில் காய்ச்சல் வந்தும் ஒருநாள் விடாமல் போய் வாங்கி வந்தவர்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே.

நடுப்பகல் அலுவலகத்துக்கு உரியது. யார் எதைக் கொண்டுவருவது என்ற பட்டியல் இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் போயிருக்கும். பதினோரு பேர் சிப்ஸ் என்று எழுதியிருப்பார்கள். ஒருவர் காகிதத் தட்டு. இறைச்சி என்ற கட்டம் கடைசிவரை காலியாகவே கிடக்கும். கடைசியில் உற்சவரே தம் காசில் மூன்று கிலோ மாட்டிறைச்சிக் கொத்தை வதக்கி எடுத்து வருவார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும், அன்று மொத்தத் தளமும் வயிறார உண்பது அவர் புண்ணியத்தில்தான். தலையில் இருக்கும் அகலத் தொப்பி மே 5ஆம் தேதிக்காக வாங்கியது. 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ தோற்கடித்த அந்த நாளை மெக்சிகோவின் சுதந்திர நாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையான சுதந்திர நாள் செப்டம்பர் 16. அன்று தொப்பி அலமாரியில் தூங்கும்.

அந்தத் தளத்தில் மெக்சிகோ வழிவந்த ஊழியர் ஒருவர் இருந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். தட்டை நீட்டி, அசல் ருசிதானா என்று நற்சான்று கேட்பார் உற்சவர்.

“உங்க ஊர்ல இன்னைக்கு அமர்க்களமா இருக்குமே?”

“என் ஊர் சிகாகோங்க. அங்க இன்னைக்கு மழைன்னு அம்மா சொன்னாங்க.”

மெக்சிகோவில் டாக்கோ நாள் மார்ச் 31. 2007 முதல் கொண்டாடப்படுகிறது. சிகாகோக்காரருக்கு இது தெரியும். சொன்னால் மார்ச்சிலும் ஒரு பட்டியல் வரும் என்பதும் தெரியும்.

மாலை ஆனதும் உற்சவருக்குள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. காலையில் செயலிக்கும் மதியம் பெட்டியில் அடைத்த மொறுமொறு ஓட்டுக்கும் அடியாராக இருந்தவர், இருட்டுகிற வேளையில் தூய்மைவாதி ஆகிவிடுகிறார். மடித்துப் பொரித்த ஓடு டாக்கோவே அல்ல, அமெரிக்கக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது என்பார். மெக்சிகோவிலேயே பொரித்த டாக்கோ உண்டு. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபே அதை விற்றது. எதிரே கடை போட்டிருந்த கிளென் பெல் அங்கே சாப்பிட்டுப் பழகித்தான் செய்முறையைப் பிடித்தார், 1962இல் டவுனியில் டாக்கோ பெல்லைத் திறந்தார். ஓடுகளைப் பொரிக்கும் கருவிக்கு 1950இலேயே காப்புரிமை பெற்றவரும் நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ என்ற மெக்சிகோக்காரர். சோளத்தில் தட்டிய டோர்ட்டியா ரொட்டிதான் அசல் என்பது உற்சவரின் அடுத்த கொள்கை. வட மெக்சிகோவின் சொனோரா மக்கள் தலைமுறைகளாகக் கோதுமையில் தட்டுகிறார்கள். செங்குத்துக் கம்பியில் சுழலும் அல் பாஸ்தோர் இறைச்சியை அவர் ஆஸ்டெக் காலத்துக்குக் கொண்டுபோவார். லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாதான் மெக்சிகோவில் ஆட்டிறைச்சியிலிருந்து பன்றியிறைச்சிக்கு மாறி, அன்னாசித் துண்டோடு அப்படி ஆனது.

டாக்கோவில் உண்மையிலேயே பழமையான ஒன்று உண்டு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி, ஈரத்தோடு அரைக்கும் முறை அது. ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுடையது. மாவு உடையாமல் வட்டமாக வருவதும், சோளத்தில் சிறைப்பட்டிருக்கும் நியாசின் உடம்பில் சேருவதும் அதனால்தான். இந்த முறை தெரியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய்த் தின்ற தேசங்களில் பெல்லாக்ரா நோய் பரவியது. உற்சவரின் உரையில் சுண்ணாம்புக்கு இடம் கிடைப்பதில்லை. படம் எடுத்துப் போட அதில் எதுவும் இல்லை.

இரவு எட்டு மணிக்கு, பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் டாக்கோ வண்டிக்கு முன் வரிசையில் அவரைக் காணலாம். முறை வந்ததும் ஸ்பானிய மொழியில், ரகரத்தை உருட்டி உருட்டி, இரண்டு கேட்பார். கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அதோடு நகர்ந்துவிட்டால் அவர் உற்சவர் அல்ல. மெக்சிகோ நகரத்தின் சான் ரஃபேல் பகுதியில் 1968 முதல் நடக்கும் எல் கலிஃபா தே லியோன் என்ற, உட்கார இடமில்லாத சிறு டாக்கோ கடைக்கு 2024இல் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்ததை, காலையிலிருந்து கல்லின் முன் நிற்கும் மனிதருக்கு எடுத்துச் சொல்வார். “பின்னாடி ஆள் நிக்கிறாங்க சார், வெங்காயம் வேணுமா, வேண்டாமா?” என்பது அதற்குக் கிடைக்கும் பதில். டாக்கோ நாள் தள்ளுபடி உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பார். உண்டு என்று எந்த வண்டியிலும் சொன்னதில்லை.

சாப்பிடும்போது டாக்கோவைச் சாய்க்கக்கூடாது, தலையைத்தான் சாய்க்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே டாக்கோவைச் சாய்ப்பார். சல்சா சட்டையில் இறங்கும். ஹபனேரோ மிளகாய்ச் சட்டினியை, காரம் தமக்கு ஒன்றுமில்லை என்று காட்ட ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றியிருப்பார். ஹலபேன்யோவைவிடப் பல மடங்கு காரமான சரக்கு அது. அடுத்த பத்து நிமிடம் அவரிடமிருந்து வரலாறு எதுவும் வராது. கண்ணில் நீர் தளும்பத் தண்ணீர் குடிப்பார். காரத்துக்குத் தண்ணீர் ஆகாது, பால்தான் கேட்கும் என்பதை மதியம் எல்லோருக்கும் சொன்னவரும் அவரே.

மறுநாள் சட்டை சலவைக்குப் போகும், தொப்பி அலமாரிக்குப் போகும். ஓய்வு அதிக நாள் நீடிக்காது. நாச்சோவுக்கு அமெரிக்க நாட்காட்டிகளில் இரண்டு நாள் இருக்கிறது: அக்டோபர் 21 ஒன்று, நவம்பர் 6 ஒன்று. 1940களில் பியெத்ராஸ் நெக்ராஸ் நகரில் அதை முதலில் செய்து பரிமாறிய இக்னாசியோ அனயாவின் பெயரை உற்சவர் இப்போதே லிஃப்டில் ஒத்திகை பார்க்கத் தொடங்கியிருப்பார். இரண்டில் எது சரியான நாள் என்று அவர் குழம்புவதில்லை. இரண்டுக்குமே பட்டியல் போய்விட்டது. இந்த முறை சிப்ஸ் கொண்டுவர யாரும் முன்வரவில்லை.