ஃபார்மேட் அடிக்குமுன் லாகைப் படியுங்கள்

கேள்வி: லினக்ஸில் அப்டேட் போட்டு ரீபூட் செய்தேன், வைஃபை போயே போச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி, "ஃபார்மேட் அடிச்சிடலாம்ணே" என்கிறான். அடிக்கலாமா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: முதலில் தம்பியின் பென்டிரைவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மறுபடி ரீபூட் செய்து, கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால் நோய் பிடிபட்டது: புதுக் கர்னலுக்கு வைஃபை டிரைவர் மாட்யூல் தயாராகவில்லை. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. இப்படி மாட்யூல் விடுபடாமல் இருக்கவே டெல் நிறுவனப் பொறியாளர்கள் 2003இல் டிகேஎம்எஸ் எழுதினார்கள். கர்னல் மாறும்போதெல்லாம் அது மாட்யூலைத் தானே மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் அந்தக் கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. புதுக் கர்னலுக்கே திரும்பி, போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு ஹெடரை இறக்குங்கள். பிறகு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? 'டிமெஸ்ஜி' லாகைப் பாருங்கள். உங்கள் ஊர் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியதுபோல அடுக்கடுக்காக இறங்குங்கள். முதலில் வந்த பிழைதான் பெரும்பாலும் காரணம். பின்னால் வருபவை அதன் பிள்ளைகுட்டிகள். மாட்யூலை ஏற்றும்போது 'கீ வாஸ் ரிஜெக்டெட்' என்று வந்தால் செக்யூர் பூட்தான் தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையெழுத்திட்ட சாவியைப் பதிய வேண்டும். ரீபூட்டில் வரும் நீலத்திரையில் பலர் அவசரமாக 'கன்டின்யூ' அழுத்திவிடுகிறார்கள். 'என்ரோல்' என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

கேள்வி: 'மாட்ப்ரோப்' கொடுத்தால் மாட்யூல் ஏறுகிறது, பூட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது!

பதில்: யாரோ பிளாக்லிஸ்டில் போட்டிருக்கிறார்கள். அது தானாக ஏறுவதைத்தான் தடுக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும். மாட்ப்ரோப்.டி ஃபோல்டரில் அந்த வரியைத் தேடி நீக்குங்கள். பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். பழைய பட்டியலின் நகல் அதற்குள்ளும் இருக்கலாம்.

கேள்வி: அக்கா பையனுக்குத் தமிழக அரசு கொடுத்த பழைய லேப்டாப், பாஸ் லினக்ஸோடு இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியமா?

பதில்: இதேதான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் அடிப்படையில் அமைந்தது. மாட்யூல் ஏறியும் வைஃபை வராவிட்டால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லை என்று பொருள். எந்தக் கோப்பு வேண்டும் என்று லாகே பெயர் சொல்லும்.

இனி எழுதுகிறவர்கள் 'யுனேம் மைனஸ் ஆர்' காட்டும் கர்னல் எண்ணையும் லாகின் முதல் பிழை வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.