கட்டில்லாத கைகள்

கேள்வி: விசுவாசத்தால்தான் மீட்பு என்கிறார்களே, அப்புறம் தானதர்மம் என்று கைக்காசை ஏன் கரைக்க வேண்டும்?

பதில்: இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனால் ஒரு பிச்சைகூடப் போட முடியாது. என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது. முழுக்க முழுக்கக் கிருபை! ஆனால் அவனைச் சாக்காகச் சொல்ல நமக்கு வழியில்லை. நம் கைகள் அவிழ்ந்துதானே இருக்கின்றன?

எரிகோவின் வரி வசூல்காரன் சகேயுவைப் பாருங்கள். உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு முதலில் சொன்னார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏய்த்துப் பிடுங்கியதற்கு நாலு மடங்கு என்று அவன் அறிவித்தது அதற்குப் பிறகு. இந்த வரிசைதான் உயிர். கிருபைக்கு அவன் விலை கொடுக்கவில்லை. கிடைத்த பூரிப்பில் மடி தானாக அவிழ்ந்தது.

விசுவாசமா செயலா என்ற இந்த வாதம் பழையது. செயலை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 1522-இல் சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் வைக்கோலோடு ஒப்பிட்டார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: மீட்பு கிருபையால் வருவது, நற்செயல் அதன் கனி. இவ்வளவு சொல்ல 470 ஆண்டுகளுக்கு மேல் ஆனதே என்பது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.